பழைய பிராசஸரும் புதிய வேகமும்

கடையில் வாங்கும் பொருளின் மேல் பொறித்துள்ள எண்ணை நாம் ஐயுறுவதில்லை. கணிப்பொறியின் மூளையாகிய பிராசஸரின் மேல் 2.5 கிகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தால், அதுவே அதன் இயல்பு என்றும், அதற்கு மேல் ஓட அதனால் இயலாது என்றும் எண்ணிவிடுகிறோம். உண்மை அதுவன்று. அந்த எண் இயற்கை விதித்த எல்லை அன்று. செய்து விற்றவர் கொடுத்த வாக்குறுதி. அவர் கொடுத்த வாக்குக்கும் பொருளின் உண்மையான எல்லைக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியை அளந்தறிந்து, பிராசஸரைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் முயற்சிக்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர்.

இதனைச் சிலர் வீண் விளையாட்டு என்பர். அவ்வாறு தள்ளிவிடுவதற்கில்லை. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கு அதன் நிறுவனம் அளித்து வந்த இலவசப் பராமரிப்பு பொதுவாக முடிவுற்றது. அடுத்ததாகிய விண்டோஸ் 11, பழைய பிராசஸர்களைத் தன் பட்டியலில் சேர்ப்பதில்லை. இதனால் நன்கு உழைக்கக்கூடிய கணிப்பொறிகள் பல எடைக்குப் போகின்றன. புதியது வாங்க வசதியில்லாத மாணவனுக்கு அவை கல்விச் சாலைகள். லினக்ஸை இட்டு எழுத்து வேலையும் கணக்கு வேலையும் செய்துகொள்ளலாம். அத்தோடு, கணிப்பொறி உள்ளே எவ்வாறு இயங்குகிறது என்பதையும் கையால் தொட்டுக் கற்கலாம். எவ்வளவு தூரம் முடுக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

துடிப்பு என்பது யாது?

நம் மைசூரில் தசராவின் பத்தாம் நாள் ஊர்வலத்தைப் பார்த்திருப்பீர்கள். அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை சுமார் 5 கிலோமீட்டர். குதிரைப் படை வருகிறது, வாத்தியக்காரர் வருகின்றனர், ஆடுவோரும் பாடுவோரும் வருகின்றனர். சுமார் 750 கிலோ எடையுள்ள பொன் அம்பாரியைச் சுமந்து ஒரு யானை வருகிறது. இந்த ஊர்வலத்தின் வேகத்தை நிர்ணயிப்பது யார்? குதிரையா? அன்று. அம்பாரி சுமக்கும் யானைதான். அதன் அடி எவ்வளவு விரைவில் பெயரக்கூடுமோ அதுவே ஊர்வலத்தின் வேகம்.

பிராசஸருக்குள்ளும் இதே நிலைதான். கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒரே தாளத்துக்கு இயங்குகின்றன. ஒவ்வொரு தாளத்திலும் மின்குறிகள் ஒரு கட்டத்திலிருந்து புறப்பட்டு, பல டிரான்சிஸ்டர்களைக் கடந்து, அடுத்த கட்டத்தை அடைந்து நிலைபெற வேண்டும். அடுத்த தாளம் விழுந்தவுடன் அங்கே இருப்பதை அடுத்த கட்டம் எடுத்துக்கொள்ளும். குறுகிய வழியே வருவன முன்னதாக வந்துவிடும். நீண்ட வழியே வருவன கடைசி நொடியில் வரும். அந்த மிக நீண்ட வழிதான் இங்கே அம்பாரி யானை.

2.5 கிகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 250 கோடித் தாளங்கள். ஒரு தாளத்துக்குக் கிடைக்கும் காலம் 0.4 நானோ விநாடி. அக்காலத்தில் ஒளியே 12 சென்டிமீட்டர்தான் செல்லும். வேகத்தை 3.33 கிகாஹெர்ட்ஸாக உயர்த்தினால் கிடைப்பது 0.3 நானோ விநாடி. ஒளி 9 சென்டிமீட்டர் செல்லும் காலம். இதற்குள் மிக நீண்ட வழியில் வரும் குறி வந்து சேரவில்லையெனில் என்னாகும்? அடுத்த கட்டம் காத்திருப்பதில்லை. வந்து சேராத அரைகுறை விடையையே மெய்யான விடையாக எடுத்துக்கொண்டு மேலே சென்றுவிடும். இந்த ஒன்றை மனத்திற் பதித்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

இடைவெளி ஏன் உள்ளது?

ஆலையில் ஒரே தகட்டில் பிறக்கும் சில்லுகள் யாவும் ஒரே தரத்தன அல்ல. ஒன்று சற்று விரைவாகவும் மற்றொன்று சற்று மந்தமாகவும் அமையும். அவற்றைச் சோதித்து வகை பிரித்து வேக எண் இடுகின்றனர். அப்போது நல்ல சூழ்நிலையை மட்டும் எண்ணி எண் இடுவதில்லை. கோடையில், தூசி அடைத்த பெட்டியில், மின்சாரம் ஏறி இறங்கும் ஊரில், பல ஆண்டு உழைத்துத் தேய்ந்த பின்னும் பிழையின்றி ஓட வேண்டும் என்று கருதியே குறிக்கின்றனர். மேலும், குறைந்த விலைச் சரக்கு மிகுதியாகக் கேட்கப்படும்போது, விரைந்து ஓடக்கூடிய சில்லுக்கும் குறைந்த எண்ணே இட்டு விற்பதுண்டு. ஆகவே சில்லுக்குச் சில்லு இடைவெளி வேறுபடும். உங்கள் நண்பருடையது ஓடிய வேகத்தில் உங்களுடையதும் ஓடும் என்பதற்கு உறுதியில்லை.

முன்னோர் செய்தது

1984-இல் வந்த ஐ.பி.எம். பி.சி. ஏ.டி. கணிப்பொறி 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அதன் தாளத்தைத் தருவது 12 மெகாஹெர்ட்ஸ் அதிர்வுடைய சிறு படிகம். உடையவர் சிலர் அப்படிகத்தைக் கழற்றி 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை வைத்தனர். கணிப்பொறி 8 மெகாஹெர்ட்ஸில் ஓடிற்று. பின்னர் வந்த கணிப்பொறிகளில், தொடங்கும்போதே வேகத்தைச் சோதித்து மிகையானால் மறுக்கும்படி அந்நிறுவனம் ஏற்பாடு செய்தது.

இக்கலையில் பெரும் புகழ் பெற்றது 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ. பிராசஸரின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கம்: மதர்போர்டு தரும் அடிப்படைத் துடிப்பு ஒன்று, பிராசஸருக்குள் அமைந்த பெருக்கெண் மற்றொன்று. செலரானுக்கு 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு, 4.5 பெருக்கெண்; ஆக ஏறக்குறைய 300. பெருக்கெண்ணை மாற்ற வழியில்லை. ஆனால் அடிப்படைத் துடிப்பை 100 ஆக்கினால் 450 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தது. விலையில் பல மடங்கு உயர்ந்த பென்டியம் 2-இன் வேகம் அது! வேகத்தேர்வு இல்லாத மதர்போர்டு வைத்திருந்தவர்கள், பி21 என்னும் தொடுமுனையை மெல்லிய ஒட்டுத்துண்டால் மூடி அதே பயனைப் பெற்றனர்.

2000-இல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ட்யூரான், அத்லான் பிராசஸர்கள் வந்தபோது இன்னும் வியப்பான செயல் நடந்தது. அவற்றின் மேற்பரப்பில் வெட்டுண்டு கிடந்த சிறு இணைப்புகளின் மேல் சாதாரணப் பென்சிலால் கோடிட்டனர். பென்சிலின் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்துமன்றோ? இணைப்பு கூடியது, பூட்டியிருந்த பெருக்கெண் திறந்தது.

பின்னர் காலம் மாறியது. 2008-இலிருந்து இன்டெல் பிராசஸர்கள் குளிர்ச்சிக்கும் மின்சக்திக்கும் இடமிருக்கும்போது தாமே வேகத்தை உயர்த்திக்கொள்ளும் ஏற்பாட்டோடு வரலாயின. முன்பு நமக்கு விட்டுவைத்த இடைவெளியில் பெரும்பகுதியை இப்போது சில்லே எடுத்துக்கொள்கிறது. எனவேதான் கற்றுக்கொள்ள விரும்புவோர்க்குப் பழைய பிராசஸர் சிறந்த ஆசான் என்கிறேன். அதில் எல்லாம் திறந்து கிடக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தின் விளைவையும் தனித்தனியே காணலாம்.

வெப்பம் என்னும் எல்லை

மின்னழுத்தத்தைச் சிறிது உயர்த்தினால் டிரான்சிஸ்டர்கள் விரைவாகத் திறந்து மூடும்; நீண்ட வழிக் குறியும் நேரத்துக்கு வந்து சேரும். அப்படியாயின் வேண்டுமட்டும் உயர்த்தலாமே என்று கேட்கலாம். இங்கேதான் பௌதிகம் குறுக்கே நிற்கிறது. பிராசஸர் இயங்குகையில் செலவாகும் சக்தி, துடிப்பு வேகத்துக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருபடிக்கு நேர் விகிதத்திலும் உயர்கிறது. செலவாகும் சக்தி முழுவதும் வெப்பமாகிறது.

ஓர் உதாரணம் காண்போம். என்னிடமுள்ள ஒரு பழைய கணிப்பொறி, தெரிந்தவர் ஒருவர் எடைக்குப் போடவிருந்தது. அதில் உள்ளது இன்டெல் பென்டியம் டூயல் கோர் ஈ5200. 2008-இல் வந்தது, 45 நானோமீட்டர் முறையில் செய்தது. அடிப்படைத் துடிப்பு 200 மெகாஹெர்ட்ஸ், பெருக்கெண் 12.5, ஆக 2.5 கிகாஹெர்ட்ஸ். அதற்குக் குறித்துள்ள வெப்பச் சக்தி 65 வாட். அடிப்படைத் துடிப்பை 266 ஆக்கினால் 3.33 கிகாஹெர்ட்ஸ். வேகம் 1.33 மடங்கு. அதற்காக மின்னழுத்தத்தை 1.2 வோல்ட்டிலிருந்து 1.3 ஆக்கினால், அதன் இருபடி சுமார் 1.17 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 1.56. ஆகவே 65 வாட் ஏறக்குறைய 102 வாட் ஆகும். மூன்றில் ஒரு பங்கு வேகம் கூட, பாதிக்கு மேல் வெப்பம் கூடுகிறது.

இவ்வெப்பத்தை வெளியேற்றுவது ஹீட்சிங்க்கும் அதன் மேலுள்ள விசிறியும். ஒரு வாட் வெப்பத்துக்கு 0.5 டிகிரி வீதம், அறையின் சூட்டுக்கு மேல் பிராசஸரின் மூடி சூடேறும் என்று கொள்வோம். 65 வாட்டுக்கு 32 டிகிரி. 102 வாட்டுக்கு 51 டிகிரி. தை மாத இரவில் அறை 20 டிகிரி சென்டிகிரேட் எனில் 102 வாட்டிலும் மூடியின் சூடு 71 டிகிரி. சித்திரைப் பிற்பகலில் அறை 34 டிகிரி எனில் 85 டிகிரி. இப்பிராசஸரின் மூடிக்கு இன்டெல் குறித்துள்ள உச்ச வரம்போ சுமார் 74 டிகிரி. தை மாதத்தில் பொருந்திய கணக்கு சித்திரையில் பொருந்தாமற் போவதைக் காண்க. கடல் மட்டத்துக்குச் சுமார் 770 மீட்டர் உயரத்திலுள்ள நம் ஊரில் காற்றின் அடர்த்தியும் கடற்கரையைவிட ஏறக்குறைய 7 சதவிகிதம் குறைவு; அந்த அளவுக்கு விசிறி தள்ளும் காற்று சுமக்கும் வெப்பமும் குறையும். சென்னையைவிட மைசூர் குளிர்ந்த ஊர் என்று மகிழ்வோர் இதனையும் கணக்கிற் சேர்க்க வேண்டும்.

2011-இல் ஏ.எம்.டி.யின் எஃப்.எக்ஸ். பிராசஸர் ஒன்றைத் திரவ ஹீலியத்தால் குளிர்வித்து 8.429 கிகாஹெர்ட்ஸ் வரை ஓட்டி உலகச் சாதனை புரிந்தனர். அது சாதனைக்காகச் செய்தது. அன்றாட வேலைக்கு உதவும் வழியன்று.

செய்முறை

முதலாவது, பெட்டியைத் திறந்து தூசியை நீக்குக. ஹீட்சிங்க்கைக் கழற்றி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக இடுக. மதர்போர்டிலுள்ள கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் அக்கணிப்பொறியை முடுக்க எண்ண வேண்டா. மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை எக்காரணத்தாலும் திறத்தலாகாது. இணைப்பை எடுத்த பின்னும் அதனுள் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

இரண்டாவது, உங்கள் கோப்புகளை வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள்.

மூன்றாவது, பயாஸ் அமைப்புக்குள் சென்று இருக்கும் எண்களையெல்லாம் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடிப்படைத் துடிப்பை உயர்த்தினால் நினைவகத்தின் வேகமும் உடன் உயரும். எனவே நினைவகத்தின் விகிதத்தை முன்னதாகக் குறைக்க வேண்டும். என் கணிப்பொறியில் நினைவகம் 400 மெகாஹெர்ட்ஸுக்கு உரியது. விகிதத்தை 3-க்கு 5 என வைத்தேன். துடிப்பு 240 ஆகும்போது நினைவகம் சரியாக 400-இல் நின்றது. பி.சி.ஐ. துடிப்பை 33 மெகாஹெர்ட்ஸில் பூட்டிவைக்க வசதி இருந்தால் தவறாது பூட்டுக.

நான்காவது, துடிப்பை 5 அல்லது 10 மெகாஹெர்ட்ஸ் வீதம் உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் சோதித்து, வெப்பத்தையும் முடிவையும் குறித்து வாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். இரண்டை ஒருசேர மாற்றினால் எது காரணம் என்று அறிய வழியிராது.

ஐந்தாவது, கணிப்பொறி தொடங்க மறுத்தால் அஞ்ச வேண்டியதில்லை. மின் இணைப்பை எடுத்துவிட்டு, மதர்போர்டிலுள்ள 3 வோல்ட் சிறு பாட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்து மாட்டினால் பெரும்பாலும் பழைய எண்கள் திரும்பிவிடும்.

விடை மெய்யா?

இனிச் சொல்லப்போவதே இக்கட்டுரையின் உயிர். கணிப்பொறி தொடங்கிவிட்டது, திரை ஒளிர்கிறது, பாட்டு ஓடுகிறது. ஆகவே வெற்றி என்று பலர் நினைக்கின்றனர். அது வெற்றிக்குச் சான்றாகாது. நேரத்துக்கு வந்து சேராத குறி, கட்டளையில் விழுந்தால் கணிப்பொறி உறைந்து நிற்கும், நமக்குத் தெரியும். அதுவே எண்ணில் விழுந்தால் கணிப்பொறி நிற்பதில்லை. தவறான விடையைத் தயக்கமின்றி எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும்.

1994-இல் நடந்த ஒன்று இதற்கு நல்ல பாடம். அமெரிக்காவில் தாமஸ் நைஸ்லி என்னும் கணிதப் பேராசிரியர் இரட்டைப் பகா எண்களை ஆராய்ந்து கொண்டிருந்தார். பென்டியம் பிராசஸர் தந்த விடை வேறு பொறிகள் தந்த விடையோடு பொருந்தவில்லை. தேடிச் சென்றபோது, அச்சில்லின் வகுத்தற் பகுதியிலேயே பிழை இருப்பது வெளிப்பட்டது. 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 வரவேண்டும், அப்பென்டியம் 1.33373 என்றது. இன்டெல் அதற்காக 47 கோடியே 50 லட்சம் டாலர் ஒதுக்க நேர்ந்தது. அது வடிவமைப்பில் நேர்ந்த பிழை, முடுக்கியதால் வந்ததன்று. ஆயினும் அது உணர்த்துவது ஒன்றே: பிழையான விடையின் நெற்றியில் பிழை என்று எழுதியிருப்பதில்லை. ஒப்பிட்டுப் பார்த்தவர்தாம் கண்டுபிடித்தார்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இன்று நல்ல கருவிகள் உள்ளன. நினைவகத்தைச் சோதிக்க மெம்டெஸ்ட்86+. பிராசஸரைச் சோதிக்கப் பிரைம்95. பின்னது 1996-இல் தொடங்கிய மெர்சென் பகா எண் தேடலுக்காக எழுதப்பட்டது. 2024-இல் அறியப்பட்ட 4 கோடியே 10 லட்சம் இலக்கங்களுக்கு மேற்பட்ட பெரும் பகா எண்ணும் அத்தேடலில் கிடைத்ததே. அவ்வளவு நீண்ட கணக்கில் ஓரிடத்தில் பிசகினாலும் உழைப்பு முழுவதும் பாழ். ஆதலால் விடை முன்பே தெரிந்த கணக்குகளைச் செய்வித்து, வந்த விடையை ஒப்பிடும் சோதனையை அதில் அமைத்துள்ளனர்.

என் கணிப்பொறியை 3.33 கிகாஹெர்ட்ஸில் வைத்துத் தை மாத இரவில் 8 மணி நேரம் சோதித்தேன், பிழையில்லை. சித்திரைப் பிற்பகலில் மறுபடி சோதித்தேன். இரண்டாம் மணியில், விடை பொருந்தவில்லை என்று ஒரே ஒரு வரி வந்தது. வேறொரு மாறுதலும் இல்லை. மற்ற வேலைகள் வழக்கம்போலவே நடந்தன. பின்பு மின்னழுத்தத்தைப் பழைய அளவுக்கே கொணர்ந்து, துடிப்பை 240 ஆக்கி, 3.0 கிகாஹெர்ட்ஸில் அதே சித்திரைப் பிற்பகல்களில் சோதித்தேன். பிழை எழவில்லை. கணக்கும் அதற்கு ஒத்தே வந்தது: 65 வாட்டுக்கு 1.2 மடங்கு 78 வாட்; அதற்கு 39 டிகிரி; அறையின் 34-ஐக் கூட்டினால் 73. வரம்புக்கு ஒரு டிகிரி உள்ளே!

இனிப் பயனைப் பாருங்கள். பிராசஸரை மட்டுமே நம்பிய ஒரு கணக்கு முன்பு 60 நிமிடம் பிடித்தால், 3.0-இல் 50 நிமிடம், 3.33-இல் 45 நிமிடம். எஞ்சிய அந்த 5 நிமிடத்துக்காக விடை பொய்க்கும் இடரை ஏற்பதா? விளையாட்டுக்கு ஏற்கலாம். ஓர் ஆய்வேட்டின் அட்டவணைக்கு ஏற்கலாகாது. நம்மில் பலர் பிறருடைய கணிப்பொறியில் புள்ளிவிவரங்களைக் கணக்கிட்டு வாங்குகிறோம். அக்கணிப்பொறி சோதிக்கப்பட்டதா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. முடுக்கிய கணிப்பொறியைப் பிறருக்குக் கொடுப்பவருக்கு அதனைச் சொல்லும் கடமையும் உண்டு. 2025 செப்டம்பரில் வெளியிடப்பட்ட நம் நாட்டு விக்ரம் 3201 பிராசஸர், ராக்கெட்டுகளுக்காகச் செய்யப்பட்டது. மொகாலியில் 180 நானோமீட்டர் முறையில் உருவானது. என் பழைய ஈ5200-ஐவிடப் பருமனான முறை அது. ஆயினும் ராக்கெட்டை அதனிடம் ஒப்படைக்கிறார்கள். அங்கே கேட்பது விரைவை அன்று. கடுஞ்சூழலிலும் தவறாத விடையை.

யானை எங்கே இருக்கிறது?

நிற்க. வேகம் குறைந்ததற்குப் பிராசஸர்தான் காரணமா என்று முதலில் ஆராய வேண்டும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி எடுக்கிறது. வேண்டிய இடம் முனைக்குக் கீழ் வரச் சராசரி அரைச் சுற்று; முனை நகர்வதற்கும் நேரம். ஆகச் சிதறிக் கிடக்கும் செய்திகளை விநாடிக்கு ஏறக்குறைய 80 முறையே அதனால் எடுத்துத் தர முடியும். சுழலும் உறுப்பில்லாத எஸ்.எஸ்.டி.யோ ஆயிரக்கணக்கான முறை தரும். கோப்பு திறக்கத் தாமதமாகும் கணிப்பொறியில் அம்பாரி யானை டிஸ்க்தான். பிராசஸரை எவ்வளவு முடுக்கினாலும் ஊர்வலம் விரையாது. எஸ்.எஸ்.டி.யை மாட்டுவதும், நினைவகத்தை 2 ஜி.பி.யிலிருந்து 4 ஜி.பி. ஆக்குவதும் பல வேளை போதும். பழைய நினைவகமும் பிராசஸரும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் சென்னை ரிச்சி தெருவிலும் தேடுவார்க்குக் கிடைக்கின்றன. மதர்போர்டு எதனை ஏற்கும் என்று குறித்துக்கொண்டு செல்க.

மின்செலவையும் மறத்தலாகாது. 37 வாட் மிகையாக நாளொன்றுக்கு 5 மணி நேரம் ஓட்டினால் மாதம் ஐந்தரை யூனிட். 13 வாட் மட்டும் மிகையானால் இரண்டு யூனிட். இறுதியில் எதற்கும் உதவாது போன பாகங்களைக் குப்பையில் வீசாமல், மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்துக்குச் சேர்ப்பிப்பதும் இக்கலையைச் சேர்ந்த கடமையே.

அளந்து பார்த்து, ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றி, வந்த விடையை ஒப்பிட்டு ஏற்பதே விஞ்ஞானத்தின் முறை. அம்முறையைப் பழகப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. எடைக்குப் போகும் ஒரு பெட்டியும், ஒரு திருப்புளியும், குறித்து வைக்க ஒரு நோட்டும் போதும். விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நண்பர்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் கணிப்பொறியை ஒருமுறை இறக்கிப் பார்ப்பார்களாக. முடுக்குவதற்கு முன் சோதிக்கவும், சோதித்த பின்னரே நம்பவும் பழகுவோமாக.